தோற்றவனுக்கு ஓர் ஒப்பாரி

பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்து ஊர்களில் பாரதத் திருவிழாக் காலம். திரௌபதி அம்மன் கோயிலில் கொடியேற்றிக் காப்புக் கட்டிவிட்டால், பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக நாள்கள் நகரும். தீமிதிக்க நேர்ந்துகொண்டவர்கள் மஞ்சள் துணி உடுத்தி விரதம் இருப்பார்கள். ஐ.பி.எல். கிரிக்கெட்டும் பெரும்பாலும் இதே மாதங்களில்தான் நடக்கிறது. அப்போது இந்த ஊர்களின் பிள்ளைகள் இன்னொரு மஞ்சளை உடுத்துகிறார்கள், சென்னை சூப்பர் கிங்ஸின் மஞ்சளை. இரண்டு மஞ்சளையும் ஒரே ஆள் உடுத்துவதும் உண்டு. அந்த இரண்டாவது மஞ்சளுக்கு மிகவும் வலித்த நாள் 2019 மே 12. ஐதராபாத்தில் இறுதிப் போட்டி. மும்பை எடுத்தது 149, சென்னை எடுத்தது 148. கடைசிப் பந்தில் இரண்டு ஓட்டம் தேவை என்ற நிலையில், மலிங்கா மெதுவாகப் போட்ட யார்க்கரில் சர்துல் தாக்கூர் எல்.பி.டபிள்யூ. முழங்காலில் வழிந்த ரத்தம் பேன்ட்டில் ஊறியிருக்க 80 ஓட்டம் எடுத்து நின்ற ஷேன் வாட்சன் அதே ஓவரில்தான் ரன் அவுட் ஆகியிருந்தார். அந்தப் பருவத்தில் மும்பையோடு நான்கு முறை மோதி, நான்கிலும் சென்னைக்குத் தோல்வி. 2013, 2015 இறுதிப் போட்டிகளிலும் தோற்றது இதே மும்பையிடம்தான். ஒரு பந்துகூட வீசாத, மைதானத்துக்குள் கால் வைத்தே இராத ஒருவன் இதற்காக ஏன் இரவெல்லாம் வேக வேண்டும்? அந்தத் துயரம் அறியாமையா, மதிக்கத் தக்க உணர்வா? விளையாட்டுப் பக்கத்தோடு முடிந்துவிடுகிற கேள்வி இல்லை இது. பற்று என்பது என்ன, அதை எதன்மேல் எவ்வளவு வைக்கலாம் என்று இந்த வட்டாரத்தின் பாறைகளும் கோயில்களும் களங்களும் நெடுங்காலமாகப் பேசிவரும் கேள்வி.

முதலில் பாறையின் பேச்சைக் கேட்போம். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்கள் ஒரே பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அங்குள்ள ஒரு பழைய வட்டெழுத்துக் கல்வெட்டு, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் நோன்பிருந்து உயிர் துறந்த இடம் இது என்கிறது. சொந்த உடலின்மேல் இருக்கும் பற்றையே படிப்படியாகக் கழற்றி வைத்த மனிதர் அவர். அவருடைய மரபு அழிந்துவிடவில்லை. திண்டிவனம் பக்கம் மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் இருக்கிறது. அந்த மரபிடம் போய் ரசிகனின் துயரத்தைச் சொன்னால் பதில் தெளிவாக வரும்: எதன்மேல் பற்று வைத்தாயோ அதனிடமிருந்துதான் துன்பம் வந்தது, பற்றை விடு, துன்பம் தானே விடும். வள்ளுவரும் துறவு அதிகாரத்தில் இதையேதான் சொல்கிறார். எது எதிலிருந்து ஒருவன் விலகுகிறானோ அது அதனால் அவனுக்கு வருத்தமில்லை என்பது அவர் கணக்கு. இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சொந்த உடலே தனதில்லை என்று கண்ட ஒருவருக்கு முன்னால், எங்கோ யாரோ பதினொரு பேர் ஆடும் ஆட்டத்தை 'என் அணி' என்று சொல்வது நிற்குமா?

அந்த வாதத்துக்கு வலுவான சாட்சி கொல்கத்தாவில் கிடைக்கிறது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற இரண்டு கால்பந்துக் கழகங்களின் பகை இந்திய விளையாட்டின் மிகப் பழைய, மிகச் சூடான பகைகளில் ஒன்று. 1975 செப்டம்பர் 30 அன்று ஐ.எஃப்.ஏ. கேடய இறுதிப் போட்டியில் ஈஸ்ட் பெங்கால் ஐந்துக்குப் பூஜ்ஜியம் என்று வென்றது. அதைத் தாங்க முடியாமல் மோகன் பகான் ரசிகர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த பிறவியில் இன்னும் நல்ல ஆட்டக்காரனாக மோகன் பகானுக்கே பிறந்துவந்து பழி தீர்ப்பேன் என்று எழுதி வைத்திருந்தார். ஐந்தே ஆண்டுகளில், 1980 ஆகஸ்ட் 16 அன்று, இதே இரு அணிகள் ஈடன் கார்டனில் மோதியபோது ரசிகர்களிடையே மூண்ட கலவரத்தில் 16 பேர் இறந்தார்கள். பிறவி அறுக்க வேண்டும் என்று முனிவர்கள் தவமிருந்த நாட்டில், ஒரு கோலுக்காக இன்னொரு பிறவி வேண்டிக்கொண்டான் ஒரு மனிதன். பற்றுதான் மறுபிறவிக்கு வித்து என்று சமணரும் பௌத்தரும் சைவரும் சொன்னதற்கு இதைவிட நேரான உதாரணம் வேண்டியதில்லை. திருநாதர்குன்றின் பக்கம் தராசு நன்றாகவே தாழ்கிறது.

ஆனாலும் அந்தப் பதிலோடு நின்றுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. துறவியின் மருந்து துறவிக்குச் சரி. பற்றை அறவே விடச் சொன்னால், அந்த ரசிகன் தன் தங்கையின்மேலும் தன் ஊரின்மேலும் வைத்திருக்கும் பற்றையும் சேர்த்தே விட வேண்டும், ஏனென்றால் எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. 'என் பங்களிப்பு இல்லாத ஒன்று எனக்கு எப்படிச் சொந்தமாகும்' என்ற கேள்விக்கோ, இந்த வட்டாரத்திலேயே வேறொரு பதில் உண்டு. அது திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது. சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் கதை பலருக்கும் தெரிந்ததுதான். திருநாவலூரில் பிறந்த சுந்தரர் புத்தூரில் மணக்கோலத்தில் உட்கார்ந்திருக்கிறார். கிழவர் ஒருவர் வந்து, நீ என் அடிமை என்று ஓலையை நீட்டுகிறார். சுந்தரர் அவரைப் பித்தன் என்று ஏசி, ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் கிழவர். வழக்கு அந்த ஊர்ச் சபைக்குப் போகிறது. சுந்தரரின் பாட்டனார் தானும் தன் வழிவருபவர்களும் அடிமை என்று எழுதிக் கொடுத்த ஓலை அது. கையெழுத்தை ஒத்துப் பார்த்த சபையோர், சுந்தரர் தோற்றுவிட்டார் என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். சைவ இலக்கியத்தின் இனிமையான குரல்களில் ஒன்று இப்படி ஒரு தோல்வியில்தான் தொடங்கியது. கிழவராக வந்த இறைவன் பாடு என்று கேட்டபோது எடுத்துக் கொடுத்த சொல்லும், தான் வாங்கிய அந்த ஏச்சுச் சொல்லேதான். வன்மை பேசி வாதாடியதால் வன்தொண்டன் என்ற பெயரையும் இறைவனே கொடுத்தார்.

இந்தக் கதையில் நம் கேள்விக்கு இரண்டு விடைகள் இருக்கின்றன. சொந்தம் என்பது எப்போதும் உழைத்துச் சம்பாதித்ததாக இருக்க வேண்டியதில்லை, பாட்டன் எழுதிய ஓலையாகவும் வரலாம் என்பது ஒன்று. கிழக்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்த பிள்ளை ஈஸ்ட் பெங்காலுக்கு ரசிகனாவது அந்த வகை. பிரிவினையில் ஊரை விட்டு வந்த பாட்டன் தன்னோடு கொண்டுவர முடிந்த சிலவற்றில் அந்தக் கழகத்தின்மேல் வைத்த அன்பும் ஒன்று. 2019 ஜனவரியில் மோகன் பகானை வென்றதற்குப் பிறகு ஈஸ்ட் பெங்கால் நான்கரை ஆண்டு அந்த அணியை வெல்லவே இல்லை. கடைசியில் 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் ஒற்றை கோல் அடித்து அதை முடித்துவைத்தவர் சென்னைக்காரரான நந்தகுமார் சேகர். அத்தனை தோல்விகளிலும் அந்த ரசிகர்கள் கழகத்தை விட்டுப் போகவில்லை, ஓலையில் எழுதியது எழுதியதுதான். திட்டுவதும் உரிமையின் பேச்சாக இருக்க முடியும் என்பது இரண்டாவது விடை. தோற்ற இரவில் தன் அணித் தலைவரையே வாய்க்கு வந்தபடி பேசும் ரசிகனைப் பார்த்து, இவனுக்கென்ன பக்தி என்று கேட்கிறோம். சுந்தரர் பட்ட கோபத்தையும் இடித்துக் கேட்ட கேள்விகளையும் கோயிலில் நின்று பாடிக்கொண்டே அப்படிக் கேட்பது சரியில்லை. உறவு இருக்கிற இடத்தில்தான் கோபமும் இருக்கும். விலகிப் போனவன் திட்டுவதில்லை.

அப்படியானால் ரசிகனின் கோபத்தையெல்லாம் பக்தி என்று சொல்லித் தப்பிக்கவைக்கலாமா? முடியாது. சுந்தரர் ஏசியது தன்னை ஆண்டவனை. 2020 அக்டோபரில் கொல்கத்தாவிடம் சென்னை தோற்ற பிறகு சமூக வலைத்தளத்தில் ஒருவன் மிரட்டல் விடுத்தது அப்போதைய சென்னை அணித் தலைவர் தோனியின் சின்னஞ்சிறு மகளுக்கு. அதற்காகக் குஜராத்தில் பிடிபட்டவனுக்கு வயது 16. இந்தோனேசியாவின் மலாங்கில் 2022 அக்டோபர் 1 அன்று, அரேமா அணி தன் பரம எதிரியான பெர்செபயாவிடம் சொந்த மைதானத்தில் 3-2 என்று தோற்றதும் ரசிகர்கள் களத்துக்குள் இறங்கினார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசியது. வாசல்களில் நெரிபட்டு இறந்தவர்கள் 135 பேர். வள்ளுவர் இதற்கு இகல் என்று தனிப்பெயர் வைத்து, ஓர் அதிகாரமே எழுதி, அதை நோய் என்கிறார். ஆட்டத்துக்குப் போட்டி வேண்டும், இகல் வேண்டாம். ஆனால் போட்டி எந்த இடத்தில் இகலாகத் திரும்புகிறது? தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இங்கே உதவுகிறது. அழுகை நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது அது: பிறர் இகழும்படி எளியராவது, உடைமையையோ உறவையோ இழப்பது, பழைய நிலையிலிருந்து தாழ்வது, வறுமை. பரம எதிரியிடம் தோற்றவனுக்கு முதல் மூன்றும் ஒரே இரவில் வந்து சேர்கின்றன. மறுநாள் காலையில் எதிரணி ரசிகனின் கேலி, கைக்கு எட்டி நழுவிய கோப்பை, நேற்றுவரை இருந்த பெருமிதத்தின் சரிவு. முறைப்படி பார்த்தால் அவனுக்கு வர வேண்டியது அழுகை. ஆனால் இருபது வயது ஆண்பிள்ளை ஓர் ஆட்டத்துக்காக அழுதால் ஊர் சிரிக்கும் என்று அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அழ இடமில்லாத துக்கம் வெகுளியின் வாசல் வழியாக வெளியே போகிறது. ரசிகனின் குறை அவனுடைய அன்பு அதிகம் என்பதில் இல்லை. துக்கத்தை இறக்கி வைக்க அவனுக்கு ஒரு களம் இல்லை என்பதில் இருக்கிறது.

களம் என்றதும் இந்த வட்டாரத்தில் நினைவுக்கு வருவது படுகளம். செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரியைத் திரௌபதி அம்மனின் ஆதிக்கோயில் என்று சொல்வார்கள். ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் இந்த வழிபாட்டைப் பற்றி 1988இல் வெளியிட்ட பெருநூலின் முதல் தொகுதிக்குத் துணைத்தலைப்பிலேயே செஞ்சியின் பெயரை வைத்தார். பதினெட்டாம் போர்க் கூத்து இரவெல்லாம் ஆடி முடிந்த காலை, கோயிலுக்கு முன்னே திறந்த வெளியில் துரியோதனன் மண்ணால் மல்லாந்து கிடப்பான். தலைமாட்டில் நிற்கும் ஆள் சிறு பிள்ளையாகத் தெரியும். அவ்வளவு பெரிய உருவம். முறுக்கிய மீசை, விரித்த விழி, மேலே வண்ணப் பூச்சு. தொடையில் சிவந்த நீர் நிரப்பிய கலயம் புதைந்திருக்கும். இரவு முழுக்க ஆடிக் களைத்து, முகப்பூச்சு வேர்வையில் கரைந்து வழிய, துரியோதனன் வேடக்காரர் அந்த மண்ணுடலைச் சுற்றி ஓடுவார், வீமன் துரத்துவார். கதாயுதம் தொடையில் இறங்கும், கலயம் உடையும், செந்நீர் மண்ணில் பரவும். சபையில் அவிழ்ந்த கூந்தலைத் திரௌபதி முடிந்துகொள்வாள். ஊருக்கே இது வெற்றி. அம்மன் ஜெயித்துவிட்டாள். ஆனால் சடங்கு அங்கே முடிவதில்லை. பல ஊர்களில் முறமும் துடைப்பமும் ஏந்தித் துரியோதனனின் தாய் காந்தாரியோ மனைவி பெருந்திருவாளோ வந்து விழுந்து ஒப்பாரி வைப்பாள். சாவு வீட்டில் கேட்கிற அதே ராகம். சுற்றி நிற்கும் பெண்களில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்பவர்கள் உண்டு. அம்மனின் பக்தர்கள் அம்மனின் பகைவனுக்காக அழுகிறார்கள். அதற்கப்புறம்தான் தீமிதி. முன்பு விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சேர்ந்துவிட்ட கூவாகத்திலும், வெற்றிக்காகப் பலியிடப்பட்ட அரவானுக்குத் திருநங்கையர் தாலியறுத்து அழுகிறார்கள். மகாபாரதத்தை வெற்றிக் கதையாக மட்டும் எடுத்துக்கொள்ள இந்த நிலம் ஒருபோதும் சம்மதித்ததில்லை.

படுகளத்தில் நான் காண்பது பற்றைப் பற்றிய மூன்றாவது நிலை. கிடப்பது மண் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். மண்ணைச் சுமந்து வந்து குழைத்துப் பிசைந்து படுக்கவைத்தவர்களே அவர்கள்தான். தெரிந்தும் அழுகிறார்கள், அழுகை பொய்யாகவும் இல்லை. மண் என்று சொல்லி விலகிப் போவது திருநாதர்குன்றின் வழி. மண் என்பதையே மறந்து இன்னொரு பிறவி எடுத்துப் பழி தீர்க்கக் கிளம்புவது கொல்கத்தா ரசிகனின் வழி. மண்தான் என்று அறிந்தே முழு மனத்தோடு அழுதுவிட்டு, அந்த மண்ணில் ஒரு பிடியை வீட்டுக்கு எடுத்துப் போவது படுகளத்தின் வழி. ரசிகனுக்கு ஏற்றது இந்த மூன்றாவது வழி என்பதே என் வாதம். அவனுடைய துயரம் உண்மையானது, அதை வெட்கப்படாமல் படலாம். அதோடு இரண்டு விஷயங்களை அவன் சேர்த்துக்கொள்ள வேண்டும். இது ஆட்டம் என்ற அறிவு ஒன்று. எதிரில் நிற்பவனுக்கும் தாய் உண்டு, அவன் விழும் நாளில் அவனுக்காகவும் ஓர் ஒப்பாரி உண்டு என்ற நினைவு மற்றொன்று.

இதற்கு எதிர்ப்பேச்சு வரும். திரௌபதி தெய்வம், பாரதம் அறநூல், கிரிக்கெட் அணியோ ஒரு நிறுவனத்தின் சொத்து, வீரர்கள் ஏலத்தில் வாங்கப்பட்டவர்கள், இரண்டையும் ஒரே மூச்சில் எப்படிச் சொல்லலாம் என்பார்கள். அணி வணிகம்தான், மறுக்கவில்லை. அந்த வணிகம் ரசிகனின் துயரத்தையும் விளம்பரமாக்கி விற்கிறது என்பதும் உண்மை. அதனால்தான் அது ஆட்டம் என்ற அறிவு அவனுக்குக் கட்டாயம் வேண்டும் என்கிறேன். ஆனால் ஒரு பொருளின் உரிமையாளர் யார் என்பதை வைத்து அதன்மேல் விழுந்த கண்ணீரின் மதிப்பை அளக்க முடியாது. திண்டிவனத்து டீக்கடையில் நான்கு பேர் ஒரு கைப்பேசியைச் சுற்றி நின்று பார்க்கிற மூன்று மணி நேரத்தில் அவர்களுக்குள் உண்டாகும் ஒட்டுறவை எந்த நிறுவனமும் ஏலத்தில் எடுக்கவில்லை. உலகத்தில் பசியும் சாவும் இருக்க ஆட்டத்துக்கு அழுவதா என்று கேட்பவர்களும் உண்டு. சிறிய இழப்பில் அழப் பழகாத மனம் பெரிய இழப்பில் மட்டும் சரியாக அழும் என்பதற்கு நான் ஆதாரம் எதையும் பார்த்ததில்லை.

இதைவிடக் கடினமான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. படுகளம் பகைவனுக்காக அழக் கற்றுக்கொடுக்கிறது என்கிறீர்களே, அப்படியானால் மேல்பாதியில் நடந்தது என்ன? விழுப்புரம் அருகே உள்ள அந்த ஊரின் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலில், 2023 ஏப்ரல் திருவிழாவின்போது தலித் மக்கள் உள்ளே வந்து வழிபடுவது தடுக்கப்பட்டது. தகராறு முற்றி, அந்த ஆண்டு ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். உயர்நீதிமன்றம் சொன்ன பிறகு 2024 மார்ச்சில்தான் பூசைக்காகக் கதவு திறந்தது. இறந்த துரியோதனனுக்கு அழுகிற மரபைச் சேர்ந்தவர்கள், உயிரோடு இருக்கும் அடுத்த தெருக்காரனை வாசலில் நிறுத்தினார்கள். இதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. சடங்கு தானாக மனத்தைத் திருத்திவிடும் என்று நான் நம்பவும் இல்லை. ஒப்பாரியை ஆண்டுதோறும் கேட்டும் காதில் வாங்காமல் போகலாம். ஆனால் அந்தத் தவற்றைத் தவறு என்று சுட்டும் அளவுகோலை அதே களம் கையில் தருகிறது. துரியோதனனுக்கே ஒப்பாரி உண்டு என்னும் அம்மனின் முன்னால், ஒரு குற்றமும் செய்யாதவனுக்கு இடமில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் இருக்கக் கூடாது. ரசிகனிடமும் இதே அளவுகோலைத்தான் நீட்டுகிறேன். 'நாம்' என்று சொல்லும்போது யாரை வெளியே நிறுத்துகிறான் என்பதை வைத்தே அவன் அன்பின் தரம் தெரியும். மும்பை ரசிகனை ஆட்டம் முடியும்வரை எதிரி என்று சொல்லட்டும். முடிந்த பிறகும் அவன் மொழியை, அவன் ஊரை, அவன் வீட்டுப் பெண்களை இழுத்துப் பேசுகிறவன் அணிக்காக அழவில்லை. தனக்குள் ஏற்கெனவே இருந்த வேறு ஏதோ ஒரு கசப்பைக் கொட்ட அணியின் பெயரைக் கடன் வாங்குகிறான்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசுக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளிடம், மஞ்சள் சட்டையோ நீலச் சட்டையோ போட்டவர்களிடம், ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கோடையில், ஆட்டம் இல்லாத ஒரு பகலாகப் பார்த்து, பக்கத்து ஊர்ப் படுகளத்துக்குப் போய் நில்லுங்கள். கலயம் உடைந்து அம்மன் கூந்தல் முடிந்ததும் பாதிக் கூட்டம் கலையத் தொடங்கும். நீங்கள் கிளம்பிவிடாதீர்கள். ஒப்பாரி அதற்குப் பிறகுதான்.